முதல் பனிப் பயணம்: சாதரா, கேதார்காந்தாவா, குல்மர்க்கா?

கேள்வி சுருக்கமாக இது: கணவன் (36), மனைவி (33), மனைவியின் தம்பி (25), மூவரும் சென்னை. பொங்கலை ஒட்டி ஒன்பது நாள் லீவு. இதுவரை யாரும் பனியைத் தொட்டதில்லை. கார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு வரும் டூர் வேண்டாம், உடம்புக்கு வேலை இருக்க வேண்டும். மச்சான் லடாக்கில் உறைந்த ஆற்றின் மேல் நடக்கும் சாதர் போகலாம் என்கிறார், மனைவிக்கு காஷ்மீரின் குல்மர்க்கில் ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) கற்க ஆசை, கேட்ட கணவன் மனதில் கேதார்காந்தா மலையேற்றம். எது சரி?

கேதார்காந்தா போங்கள். டென்டில் தூங்குவது மனைவிக்கு ஒத்தே வராது என்றால் மூவரும் குல்மர்க் போங்கள். சாதர் இந்த ஆண்டு வேண்டாம். மச்சான் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

காரணத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பயணங்களை எல்லோரும் பகலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். போனில் வரும் படம் எல்லாம் பகலில் எடுத்தது: நீல வானம், வெள்ளை மலை, சிவப்பு ஜாக்கெட். ஆனால் ஜனவரியில் மலைமடிப்பில் நாலு மணிக்கெல்லாம் வெயில் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். மறுநாள் அது திரும்ப டென்ட் மேல் விழ எட்டு மணியாவது ஆகும். நடுவில் பதினாறு மணி நேரம் இருக்கிறது. அந்தப் பதினாறு மணி நேரத்தை எப்படிக் கழிப்பீர்கள் என்பதுதான் பயணம் இனிக்குமா கசக்குமா என்று தீர்மானிக்கிறது. அதனால் என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி எங்கே படுக்கப் போகிறீர்கள், அது எவ்வளவு உயரம்?

கேதார்காந்தாவுக்கு ஏறத் தொடங்கும் ஊர் சாங்க்ரி. உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். அதாவது முதல் ராத்திரி நீங்கள் ஊட்டியைவிடத் தாழ்வான இடத்தில், மரமும் கல்லும் வைத்துக் கட்டிய வீட்டில், ரஜாய் என்ற தடித்த பஞ்சுப் போர்வைக்குள் தூங்குவீர்கள். அடுத்த ராத்திரி ஜூடா கா தாலாப் என்ற குளக்கரையில், ஏறக்குறைய 2,800 மீட்டரில். நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மூன்றாவது ராத்திரி 3,200, 3,400 மீட்டர் வாக்கில். உச்சி 3,810 மீட்டர், ஆனால் அங்கே யாரும் தங்குவதில்லை, தொட்டுவிட்டு அன்றைக்கே கீழே வந்துவிடுவார்கள். உடம்பு உயரத்துக்குப் படிப்படியாகப் பழக இந்த வரிசை நன்றாக ஒத்துழைக்கிறது.

இதோடு சாதரை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் கடல் மட்டத்தில் கிளம்பி, டெல்லியில் விமானம் மாறி, லே-யில் இறங்கும்போது 3,500 மீட்டர். ஒரே நாளில். கேதார்காந்தாவில் மூன்றாவது ராத்திரி போய்ப் படுக்கும் உயரத்தைவிட அதிகம். அதனால்தான் லே-யில் மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், அதன் பிறகுதான் ஆற்றில் இறங்க அனுமதி என்று நிர்வாகம் விதி வைத்திருக்கிறது. இனி கணக்குப் போடுங்கள். போக ஒரு நாள், லே-யில் மூன்று, ஆற்றில் நாலோ ஐந்தோ, திரும்ப ஒன்று. ஒன்பது நாள் முடிந்துவிட்டது. குளிர்காலத்தில் மேகம் மூடினால் லே விமானம் ரத்தாவது சாதாரணம். அப்படி ஒரு நாள் போனாலும் திட்டம் சரிந்துவிடும், ரத்த ஆக்சிஜன் அளவு குறைவு என்று மூவரில் ஒருவரைத் தடுத்துவிட்டாலும் சரியும்.

மச்சானுக்காக ஒரு வார்த்தை: சாதர் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. சன்ஸ்கார் ஆறு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை உறைந்து, பனிக்கட்டியைப் போர்வை விரித்ததுபோல் கிடக்கும். சாதர் என்றால் போர்வைதான். பனியில் கணவாய்கள் மூடிய பிறகு சன்ஸ்கார் மக்களுக்கு லே போக இருந்த ஒரே வழி அது. வெண்ணெய் சுமந்து விற்கப் போனதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் அந்த ஆற்றின் மேல்தான். இப்போது அதே பள்ளத்தாக்கில் சாலை வந்துகொண்டிருக்கிறது, நடக்கும் தூரம் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. அதைப் பார்க்க அவசரப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே ராத்திரி மைனஸ் 25 வரை போகும். பனி எப்படி இருக்கும், கை எப்படி மரத்துப்போகும் என்று இதுவரை தெரியாத ஒருவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அதுவல்ல.

இங்கே ஒரு மொழித் தகராறும் உண்டு. மார்கழியில் காலையில் புல்லில் இருப்பதும் பனி, காஷ்மீரில் இடுப்பளவு கொட்டிக் கிடப்பதும் பனி, ஆற்றில் உறைந்து கண்ணாடியாய் நிற்பதும் பனி. நமக்கு எல்லாம் ஒரே சொல். போன பிறகுதான் தெரியும், புதிதாகப் பெய்த பனியில் நடப்பது உமியில் நடப்பது மாதிரி. நாலு பேர் மிதித்து, வெயிலில் உருகி, ராத்திரி மறுபடி உறைந்த பனியில் நடப்பது சோப்புத் தண்ணீர் கொட்டிய மொசைக் தரையில் நடப்பது மாதிரி. விழுவது எப்போதும் இரண்டாவதில்தான். அதற்காகத்தான் ஷூவின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக், சங்கிலியில் சின்னச் சின்னப் பற்கள் வைத்தது. ஏறும்போது எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள், இறங்கும்போது சோம்பல்பட்டுக் கழற்றி விடுகிறார்கள். காலைச் சுளுக்கிக்கொள்வது அப்போதுதான்.

கேதார்காந்தாவில் உச்சிக்குப் போகும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், உங்களால் முடியுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவார்கள். முதல் தடவை போனபோது எனக்கு யாரும் சொல்லவில்லை, ஷூவை டென்டுக்கு வெளியே விட்டுவிட்டேன். காலையில் அது விறகுக்கட்டை மாதிரி இருந்தது. கயிறு வளையவில்லை, கால் நுழையவில்லை, கடைசியில் சமையல்காரர் அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கித் தந்தார். ஈரமான ஷூவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி டென்டுக்குள்ளேயே, தூங்கும் பைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் மேல்பக்கமிருந்து உறையும், மூடி இருக்கும் பக்கம் உறையாமல் இருந்தால்தான் திறக்க முடியும். போனும் பவர் பேங்கும் உங்களோடு பைக்குள் தூங்க வேண்டும். குளிரில் பேட்டரி கண்ணெதிரே இறங்கும்.

மூன்று மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினால் மூன்று, நாலு மணி நேரம் ஏற்றம். முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர வேறெதுவும் தெரியாது. கடைசி அரை மணி செங்குத்து. மேலே ஒரு திரிசூலம் நட்டிருக்கிறார்கள், கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேதார்காந்தா என்றால் சிவனின் கழுத்து என்று உள்ளூர்க்காரர்கள் கதை சொல்வார்கள். வெயில் வரும்போது ஸ்வர்கரோகிணி, பந்தர்பூஞ்ச், காலா நாக் சிகரங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். பத்து நிமிடம் நிற்பீர்கள், அதற்குள் விரல் வலிக்கும். இறங்க வேண்டியதுதான்.

இதற்கு எவ்வளவு உடற்தகுதி வேண்டும்? வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கி, மறுநாள் ஆபீஸ் போக முடிந்தவருக்குக் கால் பிரச்சினை வராது. போகாதவர்கள் எட்டு வாரம் முன்னால் தொடங்குங்கள். ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் ஓடியோ வேகமாக நடந்தோ முடிக்க வேண்டும். வாரம் மூன்று நாள் அடுக்குமாடிப் படிக்கட்டு, முதுகில் ஏழு, எட்டு கிலோ பையோடு. ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள், முட்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுகொள்ள வேண்டாம். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு யாருக்காவது இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

உயரத்தால் வரும் நோய்க்கும் உடற்தகுதிக்கும் சம்பந்தமில்லை என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள். இருபத்தைந்து வயது ஜிம் உடம்புக்காரர்தான் வேகமாக ஏறி, தலைவலியை மறைத்து, கடைசியில் சுருண்டு விழுவார். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் வந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், ராத்திரியானாலும். உயர நோய்க்குப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் வாங்கிப் போடாதீர்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து. அப்புறம் ரம். குளிருக்கு ஒரு மூடி போட்டால் சூடாகும் என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். தோலுக்கு ரத்தம் ஓடுவதால் சூடு மாதிரி தெரியும், உள்ளே இருக்கும் சூடு அதே வழியாக வெளியே போய்விடும்.

துணிமணி. இதில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு பருத்தி. பனியன், ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ் எல்லாம் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் ஐஸ் ஒத்தடம் கொடுக்கும். உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் இறகு ஜாக்கெட், காற்றும் ஈரமும் புகாத ஒரு மேலுறை. நடக்கும்போது இரண்டு போதும், நின்றவுடன் மற்றதைப் போட வேண்டும். வியர்த்த பிறகு கழற்றுவதில் பயனில்லை, வியர்ப்பதற்கு முன் கழற்றப் பழக வேண்டும். கையுறை இரண்டு ஜோடி, உள்ளே மெல்லியது, வெளியே ஈரம் ஏறாதது. கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு இல்லை, பனியில் பட்டு வரும் வெயில் ஒரே நாளில் கண்ணை எரித்துவிடும். கணுக்கால் மறைக்கும் ஷூவை இப்போதே வாங்கி, ஒரு மாதம் போட்டு நடங்கள். சென்னை வெயிலில் அது தண்டனைதான், ஆனால் கொப்புளம் தி.நகரில் வந்தால் வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கலாம். மற்றதை எல்லாம் காசு போட்டு வாங்க வேண்டியதில்லை, டேராடூனிலும் சாங்க்ரியிலும் வாடகைக்குக் கிடைக்கும்.

கூட்டிப்போகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சாங்க்ரியிலிருந்து சாங்க்ரி வரை ஒருவருக்கு சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய் வரை கேட்பார்கள். ஒரு தடவை மலிவாகக் கிடைத்தது என்று ஒரு குழுவோடு போனேன், பெயர் வேண்டாம். கொடுத்த தூங்கும் பை முந்தின கூட்டம் நனைத்தது, காயவே இல்லை. இருந்த துணியை எல்லாம் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து போனிலேயே நாலு கேள்வி கேட்டுவிடுவேன். தூங்கும் பை எத்தனை டிகிரிக்கு? அதிலும் வசதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலையா, தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லையா? இரண்டும் வேறு, விளம்பரத்தில் இரண்டாவதைத்தான் போடுவார்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர்? ஆக்சிஜன் சிலிண்டரும் ஆக்சிமீட்டரும் ராத்திரி எந்த டென்டில் இருக்கும்? வனத்துறை அனுமதி விலையில் சேர்ந்ததா? பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை, மனைவி கேட்பார், அதனால் சொல்லிவிடுகிறேன். குழி வெட்டி, சுற்றி ஒரு சின்ன டென்ட், மண் போட்டு மூட ஒரு கரண்டி. தண்ணீர் கிடையாது, இருந்தாலும் உறைந்திருக்கும். டிஷ்யூவும் ஈரத் துடைப்பானும் கொண்டுபோய், குப்பையைத் தனிப் பையில் திருப்பி எடுத்து வர வேண்டும். ராத்திரி எழுந்து போகச் சோம்பல்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், குறிப்பாகப் பெண்கள். செய்யாதீர்கள், தலைவலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் குடிக்க வேண்டும், குளிரில் தாகமே தெரியாது.

இதைப் படித்ததும் மனைவி முகம் மாறினால், குல்மர்க். அங்கே ராத்திரிக் கேள்விக்குப் பதில் சுலபம்: 2,650 மீட்டரில், சூடேற்றிய அறை, மெத்தை, வெந்நீர். பகலில் மட்டும் உடம்பு நொறுங்கும். ஸ்கீயிங்கின் முதல் நாள் முழுக்க விழுந்து எழுவதுதான். ஷூ கணுக்காலைச் சிமென்ட் போட்டதுபோல் பிடிக்கும், இரண்டு பலகையின் முனையையும் உள்பக்கமாகச் சேர்த்து ஆப்பு மாதிரி வைத்து வேகத்தைக் குறைக்கச் சொல்லித் தருவார்கள். இரண்டாவது நாள் மாலை ஒரு கணம் அது பிடிபடும், நீங்கள் நினைத்த இடத்தில் நிற்பீர்கள். அந்தக் கணத்துக்காக ஐந்து நாளாவது ஒதுக்க வேண்டும். ஒரு நாள் பேக்கேஜில் ஸ்கீ போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவது பஞ்சுமிட்டாய் மாதிரி. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கேயே இருக்கிறது, நாள்கணக்கில் வகுப்பு நடத்துகிறார்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே விசாரியுங்கள்.

குல்மர்க்கின் கேபிள் கார் கொண்டோலா, அதன் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். ஏறிப் பார்க்கலாம், ஆனால் புதியவர்கள் அங்கிருந்து சறுக்க நினைக்கவே கூடாது. பின்சரிவுகளில் பனிச்சரிவு வரும். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இறந்தது அங்கேதான், எல்லோரும் ஸ்கீ தெரிந்தவர்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கீழே கோல்ஃப் மைதானச் சரிவே போதும்.

குல்மர்க்கில் இன்னொரு ஆபத்து பனியே இல்லாமல் போவது. 2024 ஜனவரியில் முதல் மூன்று வாரம் அங்கே காய்ந்த புல்தான், வந்தவர்கள் மண்ணில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேகங்கள் கொடுப்பதுதான் வட மலைகளின் குளிர்காலப் பனி, நம் வடகிழக்குப் பருவமழை போல அதுவும் சில ஆண்டு ஏமாற்றும். ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் வாய்ப்பு அதிகம். கேதார்காந்தாவுக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கே பனி குறைவாக இருந்தாலும் காடும் மலையும் ஏற்றமும் இருக்கும், ஸ்கீயிங்குக்கு வந்தவர் பனி இல்லாமல் என்ன செய்வார்? அதுவும் சேர்ந்துதான் முதல் பரிந்துரை கேதார்காந்தா.

உத்தராகண்டில் ஸ்கீயிங் நடக்கும் அவுலியைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். நந்தாதேவி முன்னால் நிற்க ஸ்கீ போடுவது பெரிய விஷயம்தான். ஆனால் 2023 ஜனவரியில் அதன் கீழே இருக்கும் ஜோஷிமட் ஊரில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்ட பிறகு, அங்கிருந்து மேலே போகும் ரோப்வேயை நிறுத்தினார்கள். இப்போதைய நிலவரத்தை விசாரிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

தேதிக்கு வருவோம். டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை கேதார்காந்தா பக்கம் போகாதீர்கள். உச்சியில் ரங்கநாதன் தெருக் கூட்டம் இருக்கும். பொங்கல் வாரம் நல்லது. சனிக்கிழமை விடிகாலை விமானத்தில் டெல்லி, அன்றே டேராடூன். ஞாயிறு முழுக்க ஜீப், முசூரி, புரோலா, மோரி வழியாக சுமார் 200 கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம், வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். திங்கள் முதல் வியாழன் வரை மலை. போகி, பொங்கல் எல்லாம் டென்டில்தான், வெல்லமும் பச்சரிசியும் கொண்டுபோய்ச் சமையல்காரரைக் கெஞ்சினால் பொங்கல் வைத்துத் தருவார், உயரத்தில் அரிசி வேக நேரமாகும். வெள்ளி டேராடூன். சனிக்கிழமையைச் சும்மா விடுங்கள். அது டெல்லி மூடுபனிக்கும், சாலையை மூடும் பனிக்கும் எடுத்துவைத்த நாள். ஒன்றும் நடக்கவில்லையென்றால் ரிஷிகேஷ் போய் வாருங்கள். டெல்லியில் விமானம் மாற நாலு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள், ஜனவரி காலையில் ஓடுதளமே தெரியாத நாட்கள் உண்டு.

காப்பீடு எடுத்தால் மலையேற்றம் சேருமா, எத்தனை மீட்டர் வரை என்று பாலிசியில் தேடிப் படியுங்கள். குல்மர்க் என்றால் மூவரில் ஒருவருக்காவது போஸ்ட்பெய்டு சிம் இருக்கட்டும், வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. மலையில் சாப்பாடு பருப்பு, சோறு, ராஜ்மா, ரொட்டி. மூன்றாவது நாள் நாக்கு செத்துவிடும், ஒரு டப்பா பருப்புப்பொடியும் ஊறுகாயும் பையின் மேலாப்பில் வையுங்கள். கிளம்புகிற அன்று கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். நாலாவது நாள் சாங்க்ரிக்கு இறங்கும்போது ஷூ முனையில் இடித்து இடித்து என் கட்டைவிரல் நகம் கறுத்து, மாசி மாதம் விழுந்தது.